50 நினைவுச் சின்னங்கள் எங்கே போயின? நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை எங்கே தேடுவது, எதை எடுப்பது

அக்கா மகள் தொல்லியல் தளங்களின் பாதுகாப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஒருநாள் போனில், "மாமா, மத்திய அரசு பாதுகாக்கிற நினைவுச் சின்னத்துல 92 காணோம்னு ஒரு இடத்துல இருக்கு, 50 காணோம்னு இன்னொரு இடத்துல இருக்கு. எதைப் போடறது?" என்றாள். 2023 ஜனவரியில் 50 என்ற எண் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, எனக்கும் நினைவிருந்தது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக் காட்ட ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனது. அந்த மாலை ஏன் அவ்வளவு நீண்டது என்பதை யோசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். குழு அறிக்கைகளைத் தேட வழிகள் நிறைய இருக்கின்றன, எல்லாமே இலவசம். எந்தக் கேள்விக்கு எந்த வழி என்பதில்தான் ஆளாளுக்கு நேரத்தைத் தொலைக்கிறோம்.

நான் சொல்வது இந்திய நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றி, அதாவது எம்.பி.க்கள் சேர்ந்து மசோதாக்களையும் அமைச்சகங்களின் வேலையையும் ஆராய்கிற குழுக்கள். கையில் இருக்கிற வழிகள்: நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான சன்சத், அதன் மின் நூலகம், பிஆர்எஸ் (PRS) அமைப்பின் சுருக்கங்கள், கூகுள், இன்டர்நெட் ஆர்க்கைவ், நேரில் போய் நூலகம், கடைசியாக ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

முதலில் பிஆர்எஸ். பாதிப் பேர் அங்கே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2005ல் டெல்லியில் தொடங்கிய ஆய்வு அமைப்பு இது. ஒரு மசோதாவுக்கு ஒரு பக்கம் என்று வைத்து, மசோதாவின் வரைவு, குழு அறிக்கை, அதன் சுருக்கம், கடைசியில் நிறைவேறிய சட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கியிருப்பார்கள். மசோதாவை ஆராய்கிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது என்றே சொல்வேன். அரசுத் தளத்தில் லிங்க் செத்துப் போன அறிக்கைகூட சில சமயம் இங்கே பிடிஎஃப்பாக உயிரோடு இருக்கும். குறை என்னவென்றால், எல்லா அறிக்கைக்கும் அவர்கள் சுருக்கம் எழுதுவதில்லை. எழுதினாலும், குழு என்ன பரிந்துரைத்தது என்பது அதில் தெளிவாக இருக்கும், அமைச்சகம் குழுவிடம் என்ன பதில் சொன்னது என்பது மெலிந்துவிடும். ஆய்வு செய்கிறவனுக்கு வேண்டியது பல நேரம் அந்தப் பதில்தான். வேறு எங்கும் வெளியிடாத எண்ணை ஒரு அமைச்சகம் குழு எழுப்பிய கேள்விக்கு எழுத்தில் கொடுத்திருக்கும். இரண்டு பக்கச் சுருக்கத்தில் அது தப்பித்துப் போயிருக்கும்.

பிஆர்எஸ் கணக்கிலிருந்து தேடலுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 15வது மக்களவையில் (2009 முதல் 2014 வரை) மசோதாக்களில் 71 சதவீதம் குழுவுக்குப் போயின, 17வது மக்களவையில் (2019 முதல் 2024 வரை) 16 சதவீதம்தான் போயின. ஆகவே அண்மைக் காலச் சட்டம் ஒன்றுக்குக் குழு அறிக்கை தேடி மூன்று நாள் அலைவதற்கு முன்னால், அந்த மசோதா குழுவுக்கே போனதா என்று மசோதாப் பக்கத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். இல்லாததைத் தேடிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

அடுத்து சன்சத் தளம். முழு அறிக்கை வேண்டும் என்றால் இதுதான், வேறு பேச்சே இல்லை. ஆனால் உள்ளே நுழைவதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் அறிக்கை கண்முன்னே இருந்தும் கிடைக்காது.

ஒன்று, குழுவின் பெயரை வைத்து அதன் துறையைக் கண்டுபிடிக்க முடியாது. துறைசார் நிலைக்குழுக்கள் 1993ல் 17ஆகத் தொடங்கி 2004ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். 24 குழு, அமைச்சகங்களோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் ஒரு குழுவுக்குள் பல அமைச்சகங்களைத் திணித்திருக்கிறார்கள். கைத்தறி நெசவாளர் பற்றி ஆய்வு செய்கிறவர் 'ஜவுளி' என்று தேடிக்கொண்டிருப்பார், அது தொழிலாளர் குழுவுக்குள் உட்கார்ந்திருக்கும். என் அக்கா மகளின் தொல்லியல் துறையோ போக்குவரத்து, சுற்றுலா, கலாச்சாரக் குழுவில், துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே இருக்கிறது. அவள் இரண்டு நாள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இரண்டு, 24 குழுக்களில் 16 மக்களவையின் கீழ், 8 மாநிலங்களவையின் கீழ். உள்துறை, சுகாதாரம், கல்வி, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல், வர்த்தகம், தொழில், சட்டம் மற்றும் பணியாளர், அப்புறம் மேலே சொன்ன போக்குவரத்து ஆகியவை மாநிலங்களவைப் பக்கம். இரண்டு பக்கமும் எண் போடும் முறையே வேறு. மக்களவைக் குழுக்கள் ஒவ்வொரு புதிய மக்களவைக்கும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். மாநிலங்களவைக் குழுக்கள் கலைவதே இல்லாத அவையைப் போலவே தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும், அதனால்தான் உள்துறைக் குழுவின் 246வது அறிக்கை என்றெல்லாம் பார்க்கிறோம். 'நிதிக் குழுவின் 12வது அறிக்கை' என்று யாராவது மேற்கோள் கொடுத்தால், எந்த மக்களவை என்று சொல்லாதவரை அது தெருப் பெயர் இல்லாத கதவு எண்தான்.

மூன்று, அட்டையில் இருக்கும் 2022-23 என்பது குழுவின் பதவி ஆண்டு, அறிக்கை வந்த தேதி அல்ல. குழுக்களை ஆண்டுதோறும் திருத்தி அமைப்பதால் வருகிற குழப்பம் இது. தாக்கல் செய்த தேதி அட்டையிலோ அடுத்த பக்கத்திலோ தனியாக இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும்.

கூகுளைப் பற்றி நல்லதாகவும் இரண்டு வார்த்தை சொல்லலாம். தலைப்பு சரியாகத் தெரிந்தால் சன்சத் தளத்தின் பட்டியல்களை உருட்டுவதைவிடக் கூகுள் வேகம். தலைப்பு தெரியாவிட்டால் பத்திரிகைச் செய்திகளாகக் கொட்டும். நான் பயன்படுத்துகிற ஒரு சின்னத் தந்திரம்: மக்களவைக் குழு அறிக்கைகளின் ஆங்கிலத்தில் குழு எப்போதும் பன்மை, 'த கமிட்டி நோட்', 'த கமிட்டி ஆர் ஆஃப் த வியூ' என்று எழுதுவார்கள். மாநிலங்களவைப் பக்கம் அதே குழு ஒருமை, 'த கமிட்டி நோட்ஸ்'. இந்த வாக்கியத் துண்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் உங்கள் பொருளுக்கான சொல்லையும் போட்டால் செய்திகள் விலகி அறிக்கைகள் மேலே வரும். பத்திரிகைக்காரர்கள் அந்த 'ஆர்'ஐ 'இஸ்' என்று திருத்திவிடுவார்கள் என்பதே நமக்கு உதவி.

பழைய அறிக்கை என்றால் கதை வேறு. 1990களுக்கு முன்னால் துறைசார் குழுக்கள் கிடையாது (1989ல் வேளாண்மை, அறிவியல், சுற்றுச்சூழல் மூன்றுக்கு மட்டும் ஒரு முன்னோட்டம் நடந்தது). அந்தக் காலத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிதிக் குழுக்கள்: 1921லிருந்தே இருக்கிற பொதுக் கணக்குக் குழு, 1950ல் வந்த மதிப்பீட்டுக் குழு, 1964ல் வந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழு. இவற்றின் பழைய அறிக்கைகளுக்கு நாடாளுமன்ற மின் நூலகம்தான் முதல் இடம். 1854லிருந்து சட்ட மன்ற விவாதங்களும், சுதந்திரத்துக்குப் பிந்தைய குழு அறிக்கைகளும் அங்கே ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே தலைப்பை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு. உள்ளடக்கத்தில் இருக்கும் சொல்லை வைத்துத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அறிக்கையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஸ்கேன் மங்கலாக இருந்தால் கணினிக்கு அந்தச் சொல் தெரியவே தெரியாது.

அங்கே கிடைக்காததை இன்டர்நெட் ஆர்க்கைவில் பார்க்கலாம். இந்திய நூலகங்களில் எப்போதோ ஸ்கேன் செய்த மதிப்பீட்டுக் குழு அறிக்கைகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன, தலைப்புகள் மட்டும் கன்னாபின்னாவென்று எழுத்துப் பிழையோடு. ஆர்க்கைவின் இன்னொரு பயன் எனக்கு அதைவிடப் பெரியது. பத்து வருடத்துக்கு முந்தைய ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் 164.100.47 என்று தொடங்கும் எண் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இரு அவைகளின் பழைய குழுப் பக்கங்கள். தளம் மாறியபோது அந்த முகவரிகளில் பெரும்பாலானவை செத்துவிட்டன. முகவரியை அப்படியே ஆர்க்கைவின் பழைய பக்கங்களைக் காட்டும் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், பாதி நேரம் பக்கம் எழுந்து வரும், எழாவிட்டாலும் முகவரியின் நடுவிலேயே குழுவின் பெயர் பொதிந்திருக்கும், அதுவே போதிய துப்பு.

டெல்லியில் இருப்பவர்கள் நாடாளுமன்ற நூலகத்துக்கு அனுமதி கேட்டுப் போகலாம், ஆய்வு மாணவர்களுக்கு வழி உண்டு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவருக்கு அதைப் போய்ப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

எங்கே என்பதைவிட எது

இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான முடிவு, எந்த வகை அறிக்கையை எடுப்பது என்பது. நான்கு வகை இருக்கின்றன: மானியக் கோரிக்கை அறிக்கை, தனிப்பொருள் அறிக்கை, மசோதா அறிக்கை, எடுத்த நடவடிக்கை அறிக்கை.

மானியக் கோரிக்கை அறிக்கை, அதாவது அமைச்சகம் கேட்கிற பணத்தைக் குழு அலசும் அறிக்கை, ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பின்னால் வரும். படிக்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு குறைத்தார்கள், உண்மையில் எவ்வளவு செலவானது என்ற மூன்று எண்ணும் ஒரே அட்டவணையில் கிடைக்கும், பல நேரம் ஏன் செலவாகவில்லை என்ற அமைச்சகத்தின் சொந்த வாக்குமூலத்தோடு. பட்ஜெட் ஆவணத்தில் முதல் மூன்றும் இருக்கும், நான்காவது இருக்காது. ஒரே திட்டத்தை ஐந்து ஆண்டு பின்தொடர வேண்டும் என்றால் இந்த வகையை ஐந்து ஆண்டுக்கும் வரிசையாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப்பொருள் அறிக்கைதான் செய்தியில் வருவது. நம் 50ஐச் சொன்னது அப்படி ஒன்று: காணக் கிடைக்காத நினைவுச் சின்னங்களும் நினைவுச் சின்னங்களின் பாதுகாப்பும் பற்றி 2022 டிசம்பரில் போக்குவரத்து, சுற்றுலா, கலாச்சாரக் குழு கொடுத்த அறிக்கை. அதைத் திறந்தபோதுதான் 92க்கும் 50க்கும் உள்ள உறவு பிடிபட்டது. 2013ல் சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) தன் தணிக்கையில் 92 சின்னங்களைக் காணவில்லை என்றது. தொல்லியல் துறை அதன் பின் போய்த் தேடி 42ஐ அடையாளம் கண்டதாகச் சொன்னது. மிச்சம் 50. அந்த 50லும் 14 நகரம் விரிந்ததில் அழிந்தவை, 12 அணை, நீர்த்தேக்கங்களில் மூழ்கியவை, இருக்குமிடமே தெரியாதவை 24. ஆக 92, 50, 24 மூன்றுமே சரியான எண்கள்தான், மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். அசாமின் தின்சுகியாவில் இருந்த ஷேர் ஷாவின் பீரங்கிகள், டெல்லியின் பாராகம்பா கல்லறை, ஹரியானாவில் ஒரு கோஸ் மினார் (பழைய சாலையோரத் தூரம் காட்டும் தூண்), இப்படிப் போகிறது பட்டியல். பீரங்கியைக்கூட யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லறை எங்கே போகும்?

அதே அறிக்கையில் இன்னொரு எண், செய்திகளில் கீழே ஒதுங்கிவிட்டது: சின்னங்களைக் காக்க 7,000 பேர் தேவை, பணப் பற்றாக்குறையால் 248 இடங்களில் 2,578 பேரைத்தான் அமர்த்த முடிந்தது. மொத்தம் பாதுகாக்கப்படும் சின்னங்கள் 3,693. என் அக்கா மகளின் ஆய்வுக்கு 50ஐவிட இந்த வரிதான் கனம்.

இங்கே சிஏஜியா, குழுவா என்று ஒரு ஒப்பீடு வருகிறது, பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சிஏஜி ஆட்களை அனுப்பிப் பார்த்துக் கணக்கெடுக்கிறது, அதன் எண் களத்திலிருந்து வருவது. குழுவுக்குக் களத்தில் தணிக்கையாளர்கள் கிடையாது. அது அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறது, எழுத்தில் பதில் வாங்குகிறது, எப்போதாவது ஆய்வுப் பயணம் போகிறது. ஆகவே குழு அறிக்கையில் இருக்கும் பெரும்பாலான எண்கள் அமைச்சகத்தின் எண்கள். 'குழு கண்டறிந்தது' என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பத்தியின் மேலே 'அமைச்சகம் தன் எழுத்துப் பதிலில் தெரிவித்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குழுவின் கண்டுபிடிப்பு அல்ல, அமைச்சகத்தின் கூற்று, நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். எண் வேண்டும் என்றால் சிஏஜி, அந்த எண்ணுக்கு அரசு என்ன சாக்குச் சொன்னது என்று வேண்டும் என்றால் குழு.

குழு சொன்னதையும் அமைச்சகம் சொன்னதையும் பிரிக்க அச்சே உதவும். மக்களவைக் குழுக்களில் முதல் பகுதி விவரணை, இரண்டாம் பகுதி பரிந்துரைகள். மாநிலங்களவைக் குழுக்களில் பரிந்துரைகள் உடலுக்குள்ளேயே தடித்த எழுத்தில் வரும், கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் கடைசித் தொகுப்பை மட்டும் படிக்கிறார்கள். நான் எப்போதும் தடிக்காத எழுத்தைத்தான் மெதுவாகப் படிப்பேன்.

இப்போது எனக்குப் பிடித்த வகைக்கு வருகிறேன். எடுத்த நடவடிக்கை அறிக்கை. குழு ஒரு பரிந்துரை சொன்னால் அரசு பொதுவாக மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை எழுதும். மக்களவைக் குழுக்களில் இது ஐந்து அத்தியாயம்: முதலாவதில் பதில்கள் மேல் குழுவின் கருத்து, இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை, மூன்றாவதில் பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வற்புறுத்த விரும்பாதவை, நான்காவதில் குழு ஏற்க மறுத்த பதில்கள், ஐந்தாவதில் இறுதிப் பதில் வராதவை. மாநிலங்களவைப் பக்கம் எண் முன்பின் மாறலாம், வகைகள் இவைதான்.

என் ஆலோசனை எளிது. எந்தப் பொருளாக இருந்தாலும் மூல அறிக்கையிலிருந்து தொடங்காதீர்கள், எடுத்த நடவடிக்கை அறிக்கையைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். அதில் மூலப் பரிந்துரை, அரசின் பதில், குழுவின் மறுமொழி மூன்றும் வரிசையாக இருக்கும். ஒரு சண்டையை அதன் நடுவிலிருந்து கேட்பது போல. நான்காம் அத்தியாயம்தான் தங்கச் சுரங்கம், அரசும் குழுவும் எங்கே உண்மையிலேயே முட்டிக்கொண்டன என்று அங்கே தெரியும். இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். 'ஏற்றுக்கொள்ளப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் அமைச்சகத்தின் பதில் வெறும் 'பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று இருக்கும். நம் வீட்டில் 'பார்க்கலாம்' என்று சொல்வோமே, அதற்கு என்ன அர்த்தமோ அதேதான் இதற்கும். சில வருடத்துக்கு முன் இப்படி ஒன்றை நம்பி, அரசு ஏற்றுக்கொண்டது என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டு, படித்துப் பார்த்த ஒரு பேராசிரியர் 'ஏற்றுக்கொண்டு என்ன செய்தார்கள்?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியனுப்பினார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மக்களவை கலைந்தால் குழுவும் போய்விடும், ஆனால் பழைய குழுவின் அறிக்கைக்கு வந்த பதில்களைப் புதிய குழு எடுத்துக்கொள்ளும். எனவே 17வது மக்களவையின் அறிக்கைக்கு உரிய நடவடிக்கை அறிக்கை 18வது மக்களவையின் பட்டியலில் கிடக்கலாம். பழைய பட்டியலில் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. அதோடு 2004லிருந்து, குழுப் பரிந்துரைகள் எந்த அளவில் நிறைவேறின என்று அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அது விவாதப் பதிவுகளில் இருக்கும், குழுப் பக்கத்தில் இருக்காது.

மசோதா அறிக்கைக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே அரசின் பதில் அடுத்து வருகிற மசோதாதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023 ஆகஸ்டில் அறிமுகம், நவம்பரில் உள்துறைக் குழுவின் 246வது அறிக்கை, டிசம்பரில் பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுப் புதிதாக ஒன்று. திருமணத்துக்கு வெளியேயான உறவை ஆண் பெண் இருவருக்கும் பொதுவான குற்றமாக மீண்டும் சேர்க்கச் சொன்னது குழு. புதிய மசோதாவில் அது இல்லை. ஏன் இல்லை என்று எந்த நடவடிக்கை அறிக்கையையும் தேடாதீர்கள், இரண்டு வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிவு பிரிவாக ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு பிஆர்எஸ் பக்கம் போதும். அறிக்கையின் பின்னிணைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ப. சிதம்பரம், தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்களின் மாறுபட்ட கருத்துக் குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. குழுவில் யார் எங்கே நின்றார்கள் என்று தெரிய வேறு வழி குறைவு. ஏனென்றால் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன, சாட்சியங்களின் முழுப் பதிவு பொதுவாக வெளியிடப்படுவதில்லை, கூட்டக் குறிப்பில் யார் வந்தார், எத்தனை மணிக்கு முடிந்தது என்ற அளவுக்குத்தான் இருக்கும். இலங்கையில் கோப் குழு (அரசு நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழு) விசாரணைகளை ஊடகங்கள் பார்க்க அனுமதித்திருக்கிறார்கள், அங்கே பாராளுமன்றத் தளம் தமிழிலும் இருக்கிறது. இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான்.

மாநில அளவில் ஆய்வு செய்கிறவர்கள்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் துறைசார் நிலைக்குழு என்பதே கிடையாது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு இப்படித்தான். எனவே 'தமிழக சுகாதாரக் குழு அறிக்கை' என்று தேடினால் ஒன்றும் வராது, வரவும் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1980லிருந்தே துறைவாரியான பொருட்குழுக்கள் இருக்கின்றன, அதனால் இரு மாநிலங்களை ஒப்பிடும் ஆய்வில் கேரளத்துக்கு இருக்கும் ஆவணத்துக்குத் தமிழ்நாட்டில் நேர் இணை கிடைக்காது. நான் செய்வது: துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்து அரசு என்ன சொல்கிறது என்று பார்ப்பது, அதே துறை பற்றிய சிஏஜி அறிக்கையை எதிரில் வைப்பது, பொதுக் கணக்குக் குழு அந்தத் தணிக்கைப் பத்தியை எடுத்ததா என்று மூன்றாவதாகத் தேடுவது. மூன்றாவது பல நேரம் வருடக்கணக்கில் தள்ளி வரும், பொறுமை வேண்டும்.

நீதிமன்றத்தில் அல்லது சட்ட ஆய்வில் குழு அறிக்கையைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: 2018 மே 9 அன்று கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத்தான் தீர்த்தது. ஆந்திராவின் கம்மத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வு பற்றியது வழக்கு. சுகாதாரக் குழு 2013ல் தன் 72வது அறிக்கையில் அதைக் கடுமையாகச் சாடியிருந்தது. அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம், சட்டத்தைப் பொருள்கொள்ள உதவியாக எடுக்கலாம், அப்படி ஒரு அறிக்கை இருப்பதைக் கவனத்தில் கொள்ளலாம், ஆனால் அறிக்கையின் செல்லுபடியை அங்கே கேள்வி கேட்க முடியாது என்றது அமர்வு. அறிக்கையில் சொல்லியிருப்பதாலேயே சர்ச்சைக்குரிய ஒரு உண்மை நிரூபணமாகிவிடாது, அதற்குத் தனியே ஆதாரம் காட்ட வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கும் இதே அளவுகோலைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

சரி, இத்தனைக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு மசோதா என்றால் பிஆர்எஸ் பக்கத்தில் தொடங்கி, பின்னிணைப்புக்காக மூல பிடிஎஃப்புக்குப் போங்கள். ஒரு திட்டம் அல்லது துறை என்றால் சன்சத் தளத்தில் சரியான குழுவைக் கண்டுபிடித்து, நடவடிக்கை அறிக்கையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1990க்கு முன்னால் என்றால் நேரே மின் நூலகம். நாளைக்கே கட்டுரை கொடுக்க வேண்டிய பத்திரிகையாளர் என்றால் கூகுளும் பிஆர்எஸ்ஸும் போதும், ஆனால் எண்ணை எடுக்கும் முன் அது யார் சொன்ன எண் என்று ஒரு தடவை மூலத்தில் பாருங்கள். மேற்கோள் தரும்போது பக்க எண்ணை நம்பாமல் பத்தி எண்ணைக் கொடுங்கள், பிடிஎஃப் பக்கமும் அச்சுப் பக்கமும் ஒத்துப் போவதே இல்லை.

ஆர்டிஐயை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், குழுவின் சாட்சியப் பதிவைக் கேட்டுப் போட்டால் சட்டமன்ற, நாடாளுமன்ற உரிமை மீறல் என்ற விலக்கைக் காட்டித் திருப்பிவிட வாய்ப்பு அதிகம், அந்தச் சட்டத்தின் 8வது பிரிவிலேயே அது இருக்கிறது. குழுவிடம் கேட்காமல் அமைச்சகத்திடம், அதன் சொந்தக் கோப்பில் இருப்பதைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். அக்கா மகளுக்கு எல்லாவற்றையும் காட்டி முடித்தபோது 92லிருந்து 50க்கு வந்த வழியை ஒரு தாளில் எழுதிக்கொண்டவள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள், "சரி மாமா, காணாம போயி திரும்பக் கிடைச்ச அந்த 42, எங்கே இருந்துச்சாம்? யாரு போய்ப் பார்த்தாங்களாம்?"

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.